கடலும் இளைப்பாறுகிறது

சித்திரை பிறந்து பள்ளிகள் மூடப்பட்டதும் நம் குடும்பங்களில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு எங்கே செல்வது?" என்பதே. வசதியுள்ளோர் கொடைக்கானலையும் உதகையையும் எண்ணுகின்றனர். அம்மலைகளோ கூட்டத்தைத் தாங்கித் தாங்கிச் சலித்துவிட்டன. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் இ-பாஸ் பெற்று வருவோரையே அவை ஏற்கின்றன. ஓய்வைத் தேடிப் புறப்பட்டவர் மலையடிவாரத்தில் ஊர்திகளின் நெடுவரிசையில் அரைநாள் வாடி நிற்பது நம் காலத்து வேடிக்கைகளுள் ஒன்று.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நாம், பங்கின் பீடச் சிறுவர் பன்னிருவரையும் அவர்தம் பெற்றோருள் சிலரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் புறப்பட்டோம். மலைக்கு அன்று, கடலுக்கு. அதுவும் பெயர்பெற்ற கடற்கரைக்கு அன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கோரத்தில், ஆவுடையார்கோவிலைக் கடந்து, ஆரவாரமின்றிக் கிடக்கும் மீமிசல் கரைக்கு.

"அங்கே பார்ப்பதற்கு என்ன சாமி இருக்கிறது?" என்று ஒரு தாய் வினவினார்.

"ஒன்றும் இல்லை, அதனால்தான் போகிறோம்" என்று விளையாட்டாக விடையிறுத்தோம். அவ்விடை எத்துணைப் பிழையானது என்பதைத் திரும்பி வரும்போதுதான் உணர்ந்தோம். அதனை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கைப்பையில் ஒரு கால அட்டவணை இருந்தது. காலை ஐந்தரைக்குச் செபம், ஆறரைக்கு உடற்பயிற்சி, எட்டுக்கு விவிலிய வினாடி வினா, பத்துக்குப் பாட்டுப் போட்டி என்று இரவு ஒன்பது வரை இடைவெளியே இல்லாமல் எழுதி வைத்திருந்தோம். மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கிய குருமட வாழ்வு நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஓய்வையும் ஒரு வேலையாக ஆக்கிவிடும் வித்தையை நாம் நன்றாகவே கற்றிருந்தோம்.

காரைக்குடிக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் அறந்தாங்கி ஓர் ஊர். அங்கிருந்து தென்கிழக்கே 14 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றின் தென்புறத்தில் ஆவுடையார்கோவில் அமைந்துள்ளது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டபடியால் சற்று இளைப்பாற எண்ணி அங்கே இறங்கினோம். ஆத்மநாதசுவாமி திருக்கோவிலால் புகழ்பெற்ற ஊர் அது. திருப்பெருந்துறை என்பது அதன் பழம்பெயர். மரச்சட்டங்களைப் பூட்டி ஆணி அறைந்தாற்போலக் கல்லிலேயே கூரையைச் செதுக்கிய அக்கோவிலின் கொடுங்கைகளைப் பற்றிக் கேள்விப்படாத சிற்பி தமிழகத்தில் இரார். கருவறையில் இலிங்கத் திருவுருவம் இன்றி ஆவுடையார் மட்டுமே உள்ளது. ஊரின் பெயர்க்காரணமும் அதுவே.

வெளி மண்டபத்தின் நிழலில் நின்று, மாணிக்கவாசகரின் வரலாற்றைச் சிறுவர்க்குச் சொன்னோம். பாண்டிய மன்னனின் அமைச்சராயிருந்த வாதவூரர், அரசனின் பொருளை எடுத்துக்கொண்டு, கடல் வழியே வந்திறங்கும் குதிரைகளை வாங்கப் புறப்பட்டார். வழியில் இத்தலத்தில் குருவைக் கண்டார், நின்றுவிட்டார். குதிரைப் பணம் கோவிற் பணியாயிற்று, அமைச்சர் அடியவரானார். சைவ மரபு சொல்லும் செய்தி இது. அவர் பாடிய திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கிறிஸ்தவக் குருவான ஜி. யூ. போப் ஆவார். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழறிஞர் அம்மனநிலையைச் செயலில் காட்டியிருந்தார்.

சிறுவருள் ஒருவன் கேட்டான்: "ஃபாதர், அவர் வேலையைப் பாதியில் நிறுத்தியது தப்பில்லையா?"

நல்ல கேள்வி. ஊர்தி மீண்டும் புறப்பட்ட பின்னும் அது நம்மை விடவில்லை. எபிரேய மொழியில் 'சபாத்' என்னும் சொல்லின் வேர்ப்பொருளே 'நிறுத்துதல்' என்பதுதான். ஓய்வு நாள் என்றால் உறங்கும் நாளன்று, உல்லாச நாளுமன்று. ஓடிக்கொண்டிருப்பவன் நிற்கும் நாள். குதிரை வாங்க ஓடிய அமைச்சர் நின்ற ஊரைக் கடந்து, நிற்கக் கற்காத நாம் கால அட்டவணையோடு கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தோம்.

ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். இருமருங்கும் நீர் வற்றிய கண்மாய்கள், கருவேலங் காடுகள், ஆங்காங்கே பனைகள். வழியில் நுங்கு வெட்டிக் கொடுத்தவரிடம் வாங்கி உண்டோம். நிலத்தின் வெம்மையைச் சுமந்து மேற்கிலிருந்து வீசிய காற்று முகத்தைச் சுட்டது. கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், வடகாற்றை வாடை என்றும் வழங்கிய நம் முன்னோர், மேல்காற்றுக்குக் 'கோடை' என்றே பெயரிட்டனர். அப்பெயரின் பொருத்தத்தை அன்று தோலால் உணர்ந்தோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்ததும் காற்று மாறிற்று. கடல் தெரிந்தது. சிறுவர் எழுப்பிய கூச்சலுக்குக் கடல் மறுமொழி ஏதும் தரவில்லை. ஆம், அங்கே அலையோசை இல்லை. சென்னையிலும் கன்னியாகுமரியிலும் கடலைக் கண்டு பழகியவர்க்கு அது வியப்பாகவே இருக்கும். பாக் நீரிணைப் பகுதியின் கடல் ஆழம் குறைந்தது. எதிரே இலங்கைத் தீவு காவலாய் நிற்பதால் பெருங்கடலின் அலைகள் இங்கே வந்து மோதுவதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போதும் நாகைக் கரை கண்ட அழிவை இக்கரை காணவில்லை. ஆனால் 2018ஆம் ஆண்டு நவம்பரில் வந்த கஜா புயல் இதனை விட்டுவைக்கவில்லை.

நீர் குளம்போல் கிடந்தது. கரை வெண்மணற் பரப்பன்று. கால் புதையும் சேற்று மணல். முழங்காலளவு நீரில் நெடுந்தொலைவு நடக்கலாம். அலையில் குதித்து விளையாட வந்தவர்க்கு ஏமாற்றந்தான். நம் சிறுவரும் கால்மணி நேரம் ஏமாந்துதான் நின்றனர். பிறகு ஒருவன் நண்டுவளை ஒன்றைக் கண்டான். அவ்வளவுதான். அன்று மாலை வரை அவர்களைக் கூப்பிடுவார் இல்லை. கூப்பிட்டாலும் வருவார் இல்லை. கால அட்டவணை பைக்குள்ளேயே உறங்கிற்று.

கரையில் நம்மைப் பெரிதும் ஈர்த்தவர் நிழலில் அமர்ந்து வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு முதியவர். சிறுவர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அறுந்த கண்ணியை எப்படி முடிவது என்று பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். அவரருகில் படகுகளுக்கு வண்ணம் பூசுவோர், பலகை மாற்றுவோர், எந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவோர் எனச் சிலர் வேலையாயிருந்தனர். வடக்கே சில கல் தொலைவிலுள்ள செகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் யாவும் கட்டிக் கிடப்பதாக அவர் சொன்னார்.

கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 முடிய 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது. மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்று கருதி விதிக்கப்பட்ட தடை இது. தமிழகத்தில் 2001ஆம் ஆண்டில் தொடங்கி 45 நாள்களாக இருந்தது. 2017ஆம் ஆண்டு முதல் 61 நாள்களாயிற்று. கரையோரத்தில் தொழில் செய்யும் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை.

"அப்படியானால் கடலுக்கும் லீவு உண்டா, தாத்தா?" என்றான் ஒரு சிறுவன்.

முதியவர் சிரித்தார். "வலை சும்மா கெடந்தா இத்துப்போகும் தம்பி. மனுசனும் அப்படித்தான். ஆனா கடலு அப்படியில்ல. அது சும்மா கெடந்தாத்தான் வெளையும்" என்றவர், சற்றுப் பொறுத்து நம்மை நோக்கிச் சொன்னார்: "கடலுக்கு லீவு விட்டாங்க ஐயா. கடனுக்கு யாரும் லீவு விடலியே."

மறுநாட்காலை மீமிசலை அடுத்த முத்துக்குடாவுக்குச் சென்றோம். அங்கே அலையாத்திக் காடு உண்டு. அலைகளை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் பெற்றதாகக் கூறுவர். சேற்றிலிருந்து ஆயிரமாயிரம் மூச்சுவேர்கள் விரல்களைப்போல மேல்நோக்கி நின்றன. அவற்றின் இடையே மீன்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் அடைக்கலம் புகுந்திருந்தன. நாரைகள் ஒற்றைக்காலில் நின்று அவற்றை நோட்டமிட்டன. ஓங்கிய குரலில் பேசிக்கொண்டு வந்த சிறுவர் யாரும் சொல்லாமலே குரல் தாழ்த்திப் பேசலாயினர். நம் கோவிலில் எத்தனை முறை சொல்லியும் நடவாதது அது.

அக்கரைக்கு அப்பால், கண்ணுக்குப் புலப்படாத ஒரு புல்வெளி நீருக்கடியில் விரிந்து கிடக்கிறது. அக்கடற்புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா எனப்படும் கடற்பசு. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றை ஈனும் சாதுவான உயிர் அது. அதனைக் காக்கவென்றே 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் போகட்டும் என்று அறுத்துக் கடலிலேயே விட்ட மீனவர் இக்கரையில் உண்டு. இழப்பைத் தாமே ஏற்று மற்றோர் உயிர்க்கு வாழ்வளிப்பவர்கள் அவர்கள்.

இனி, நம் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

முதல்நாள் மாலை, நாம் தங்கியிருந்த வீட்டு வாயிலுக்கு ஒரு பெண்மணி நண்டு கொண்டுவந்தார். மூன்று கிலோ வாங்கினோம். கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கும்படி நாமே முன்னின்று பேரம் பேசினோம். நெடுநேரம் தயங்கிய பின், "சரி, எடுத்துக்குங்க" என்று கொடுத்துச் சென்றார். அறுபது ரூபாய் மீந்ததில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. சமையல் நன்றாக அமைந்தது. எல்லாரும் மகிழ்ந்து உண்டோம்.

மறுநாள் வீட்டுக்கார அம்மையார் பேச்சுவாக்கில் சொன்னார்: அப்பெண்ணின் கணவர் செகதாப்பட்டினத்து விசைப்படகொன்றில் பங்குக்கு வேலை செய்பவர். தடைக்காலத்தில் அவர்க்கு வருவாய் இல்லை. அரசு தரும் எட்டாயிரம் ரூபாய் உதவித்தொகை பழைய கடனுக்கே போய்விடும். சூனில் பள்ளி திறந்தால் மூன்று பிள்ளைகளுக்குச் சீருடையும் காலணியும் வாங்கவேண்டும். ஆகவே நாட்டுப்படகுக்காரரிடம் நண்டு வாங்கி அவர் வீடுவீடாக விற்கிறார்.

"ஆனா ஒண்ணு சாமி" என்று அவ்வம்மையார் தொடர்ந்தார். "இந்த ரெண்டு மாசந்தான் இங்கே பிள்ளைங்க அப்பன் மொகத்தைப் பகல்ல பாக்குதுங்க. நாங்களும் ராத்திரி பயமில்லாமத் தூங்குறோம்."

அவ்வச்சத்தின் பொருள் கடற்கரையில் வாழ்வோர்க்குத் தெரியும். குறுகிய இக்கடலின் நடுவே 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை வகுத்த எல்லைக்கோடு செல்கிறது. அதனைத் தாண்டினர் என்று இலங்கைக் கடற்படையினரால் பிடிக்கப்பட்டு, படகையும் இழந்து, அயல்நாட்டுச் சிறையில் வாடியோர் இக்கரையூர்களில் பலர். அன்று மாலை கடலோரத்தில், தோள்மேல் மகளை ஏற்றிக்கொண்டு முழங்கால் நீரில் நடந்த ஒரு தந்தையைக் கண்டோம். அக்குழந்தையின் சிரிப்பு கரைவரை கேட்டது. வறுமையும் மகிழ்ச்சியும் ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் குடியிருப்பது இப்படித்தான் போலும்.

அந்நண்டு விற்ற பெண்ணைத் தேடினோம். வேறு ஊருக்கு விற்கப் போயிருந்தார். புறப்படும்வரை காணக் கிடைக்கவில்லை.

நம் பங்கில் பிறந்து இத்தாலி நாட்டில் முதியோரைப் பேணிவரும் அருட்சகோதரி ஒருவர், அவ்வப்போது அந்நாட்டுக் கரையூர்களைப் பற்றி நமக்கு எழுதுவதுண்டு. மத்தியதரைக் கடலும் நம் பாக் நீரிணையைப்போலப் பெரும்பாலும் நிலத்தால் சூழப்பட்டது, அமைதி மிக்கது. ஆகஸ்டு வந்தால் அந்நாடே வேலையை நிறுத்திக் கடலுக்குச் செல்கிறது. அகுஸ்து பேரரசன் காலத்து விடுமுறையின் வழிவந்த அத்திருநாள், இன்று ஆகஸ்டு 15இல், தேவ அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவோடு இணைந்து கொண்டாடப்படுகிறது. காமொலி என்னும் சிற்றூரில் ஆகஸ்டு முதல் ஞாயிறன்று 'கடலின் விண்மீன்' ஆகிய அன்னைக்கு விழா எடுக்கின்றனர். பகலில் படகுகள் பவனி செல்லும். இரவில் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளை நீரில் மிதக்க விடுவர். அந்நாட்டிலும் இழுவலைப் படகுகள் ஆண்டுதோறும் சில வாரங்கள் நிறுத்தப்படுகின்றன. அந்நாள்களில் படகுத் தொழிலாளர்க்கு அரசு உதவித்தொகையும் உண்டு. கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதையும், அவ்வோய்வின் செலவை யாரேனும் ஏற்கவேண்டும் என்பதையும் அங்குள்ளோரும் அறிந்தே இருக்கின்றனர்.

இறைவனின் சட்டம் இதனை என்றோ சொல்லிவிட்டது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட்டுவிடும்படி லேவியர் நூல் கட்டளையிடுகிறது. விடுதலைப் பயண நூலோ அக்கட்டளையைச் சொல்லும் இடத்திலேயே, அவ்வாண்டில் தானாய் விளைவதை ஏழைகள் உண்ணட்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஓய்வு நாளுக்கான கட்டளையிலும் அப்படியே: வீட்டுத் தலைவன் மட்டுமன்று, வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும் கால்நடையும் ஓய்வு பெறவேண்டும். மண்ணுக்கு ஓய்வு கொடுத்த இறைவன் மனிதனின் வயிற்றை மறக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் இவ்வோய்வு நாளின் சட்டத்தை நினைவூட்டி, படைப்பின் நலமும் ஏழையின் நலமும் பிரிக்கவொண்ணாதவை என்று வற்புறுத்துகிறார்.

நாம் விடுமுறைக்குச் செல்கிறோம். நாம் ஓய்ந்திருக்க, ஒருவர் சமைக்கிறார். ஒருவர் ஊர்தி ஓட்டுகிறார். ஒருவர் வெயிலில் கூடை சுமக்கிறார். கடல் இளைப்பாறுகிறது, அதன் விலையை அக்கூடைக்காரப் பெண் செலுத்துகிறார். அவரிடம் அறுபது ரூபாய் மிச்சம் பிடித்தோம் நாம்! ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் பட்டினியாகுமானால் அது ஆண்டவருடைய ஓய்வன்று.

திரும்பும் வழியில் தென்மேற்கே சென்று ஓரியூரை அடைந்தோம். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு இரத்தம் சிந்திய செம்மண் அது. 1687இல் அவர் தம் தாய்நாடாகிய போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டார். அரசனின் அன்பும், அரண்மனை வாழ்வும், இளைப்பாறத் தக்க காரணங்களும் அவர்க்கு அங்கே இருந்தன. ஆயினும் 1690இல் மறவ நாட்டு ஏழைகளை நாடித் திரும்பினார். தம் மக்களை விட்டுத் தமக்கு மட்டும் கிடைக்கும் ஓய்வை அவர் விரும்பவில்லை. ஆவுடையார்கோவிலில் ஒருவர் நின்ற கதையைக் கேட்ட சிறுவர், ஓரியூரில் ஒருவர் நிற்காமல் திரும்பிவந்த வரலாற்றைக் கேட்டனர். எங்கே நிற்பது, எதற்காகத் திரும்புவது என்பதை அறிவதே வாழ்க்கைக் கல்வி அன்றோ!

இக்கரைக்குச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கோடையில் விடியற்காலையும் மாலையுமே அங்கு உகந்தவை. கதிரவன் கடலிலிருந்தே எழுவதால் அதிகாலையில் கரையில் இருப்பது கண்ணுக்கு விருந்து. நண்பகல் வெயில் கொடிது. குடிநீரை உடன் கொண்டு செல்க. நெகிழிப் பைகளைக் கடற்கரையில் விட்டுவராதீர்கள். அவை சென்றடையும் இடம் ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம். சேற்றில் வழுக்கும், சிறுவரைத் தனியே விடாதீர்கள். மே மாதம் அன்னையின் வணக்க மாதமாதலால், மாலையில் கரையில் அமர்ந்து குடும்பமாகச் செபமாலை சொல்லுங்கள். அலையோசை இல்லாத அக்கடல் உங்கள் குரலை அமிழ்த்தாது. பிள்ளைகளை வலை பின்னுவோரிடம் பேச விடுங்கள். யாரிடமேனும் நண்டோ மீனோ வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் தோன்றிய காலையை யோவான் எழுதியிருக்கிறார். இரவெல்லாம் உழைத்தும் சீடர்க்கு ஒன்றும் அகப்படவில்லை. அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆக்கி வைத்து, உண்ண வாருங்கள் என்று அழைக்கிறார் ஆண்டவர். களைத்தவனுக்கு ஓய்வும் வெறுங்கையனுக்கு உணவும் ஒரே கையிலிருந்து கிடைத்த காலை அது.

நம் செபப் புத்தகத்தின் நடுவே மூன்று இருபது ரூபாய்த் தாள்கள் இன்னமும் இருக்கின்றன. வரும் கோடையில் தடைக்காலம் தொடங்கியதும், இறைவன் அருளால், மீண்டும் மீமிசல் செல்வோம். இம்முறை கால அட்டவணையைக் கொண்டு செல்வதாக இல்லை.